மரியாதைச் சரக்கு

ஆவுடைநாயகி மேலவையில் உரையாற்றி முடித்து, வேர்த்துப்போன சட்டையை மாற்றி, இரண்டு தோசை சாப்பிட்டு, தட்டையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அந்த உரையின் முதல் வாக்கியம் அவைக்குப் போய்ச் சேர்ந்தது.

அவை இருந்தது செரஸ் என்னும் குறுங்கோளில். அவர் இருந்தது சனியின் துணைக்கோளான டைட்டனில், தேரிக்குடி என்ற ஊரில். இடைப்பட்ட தூரத்தைக் கடக்க ஒளிக்கே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். குரலைச் சுமந்து போகும் வானொலி அலையும் ஒளியின் வேகத்தில்தான் போகும். அதற்கு மேல் அதை யாராலும் விரட்ட முடியாது. இருநூற்றுப் பன்னிரண்டு குடியிருப்புகள், ஊருக்கு ஒருவராக இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் ஒரு சின்ன அறையில் நின்று சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். செரஸ் மண்டபத்தில் அவைத்தலைவரும் அமைச்சர்களும் சில ஊழியர்களும் மட்டும் இருப்பார்கள். மேசை தட்டுவதற்குக்கூட ஒரு பொத்தான் இருந்தது. ஒரு நல்ல உரைக்கான தட்டல்கள் செவ்வாயிலிருந்து சீக்கிரமாகவும் நெப்டியூனிலிருந்து எட்டு மணி நேரம் கழித்தும், மழை விட்ட பின் ஓட்டிலிருந்து சொட்டுவது போல ஒவ்வொன்றாக வந்து விழும்.

அன்று ஆவுடைநாயகி பேசியது ஒன்பது நிமிடம். பேசிய பொருள் வால்வு.

அந்த வால்வு புரிய வேண்டுமானால் டைட்டனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. பூமியைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில், ஆரஞ்சு நிறப் புகைமூட்டமாக, ஏராளமாக இருக்கிறது. மூச்சுக்கு வேண்டிய ஆக்சிஜன் மட்டும் அதில் இல்லை. பெரும்பாலும் நைட்ரஜன், அதுவும் சுழியத்துக்குக் கீழே நூற்றெழுபத்தொன்பது டிகிரிக் குளிரில். தேரிக்குடியில் பன்னிரண்டு வளவுகள் இருந்தன. கவிழ்த்த சட்டி போன்ற கூரையின் கீழ் வளவுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வசித்தார்கள். அவர்கள் வெளியேவிட்ட மூச்சை விசிறிகள் குழாய் வழியாக வெளியே தள்ளும். தள்ளும்போது குழாயின் வாயிலிருக்கும் வால்வு திறக்க வேண்டும், விசிறி நின்ற கணம் மூட வேண்டும். மூடாவிட்டால் வெளிக்காற்று உள்ளே வரும். நைட்ரஜனை உடம்பு கண்டுகொள்வதே இல்லை. நாம் எப்போதும் சுவாசிப்பதில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான். ஆகவே மூச்சு முட்டாது, இருமல் வராது. ஆக்சிஜன் குறையக் குறையத் தூக்கம் வருவது போல இருக்கும். அவ்வளவுதான்.

வால்வின் மூடி வந்து உட்காருகிற வளையம் ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டது. அது செவ்வாய்க்காக வடிவமைத்தது. செவ்வாயின் குளிருக்கு அது ரப்பர் போல வளைந்து கொடுக்கும். டைட்டனின் குளிரில் கண்ணாடி வளையல் போலாகி, விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். சாதா இரும்பும் அந்தக் குளிரில் நொறுங்கிவிடும். செம்பும் வெண்கலமும் நொறுங்காது. அவற்றின் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் அப்படி. எவ்வளவு குளிர்ந்தாலும் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின் மேல் வழுக்கிக் கொடுக்கும்.

இதை ஊரார் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பராமரிப்புப் பொறியாளர் தனிஸ்லாஸ், ஏழு வருடங்களுக்கு முன்பு, ஊர் ஒப்புதலோடு அம்மன் கோயில் மணியையும் மாதா கோயில் மணியையும் ஒரே உலையில் உருக்கி நான்கு வால்வுகளுக்கு வளையம் வார்த்தார். அந்த நான்கும் இன்றுவரை ஒரு கீறல் காணவில்லை. மீதி ஐம்பத்தெட்டில் பத்தொன்பது போய்விட்டன. உருக்க இனி மணி இல்லை. டைட்டனைத் தோண்டினால் பனிக்கட்டி, அதற்கும் கீழே தண்ணீர். உலோகம் என்று ஒரு குண்டூசி அளவுகூடக் கிடைக்காது.

கேட்டால் அனுப்பமாட்டார்களா என்றால், மாட்டார்கள். சீர்பொருள் சட்டம் என்று ஒன்று இருந்தது. எல்லாக் குடியிருப்புக்கும் ஒரே வால்வு, ஒரே குழாய், ஒரே திருகு. கீழவை அவசரத்தில் நிறைவேற்றிய சட்டம். கீழவை அவசரத்தில் செய்வதை நின்று நிதானித்துப் பார்ப்பதற்குத்தான் மேலவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். விலக்கு கொடுக்கும் அதிகாரம் மேலவைக்கு மட்டுமே உண்டு. முப்பது வருடம் வால்வு கழற்றி மாட்டிய ஆவுடைநாயகியை ஊர் மேலவைக்கு அனுப்பியதே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

மூன்றாம் நாள் அவைப்பதிவேடு வந்தது. ஆவுடைநாயகி உணவுக்கூடத்தில் தனிஸ்லாஸின் எதிரே உட்கார்ந்து அதைத் திறந்தார். அவருடைய ஒன்பது நிமிட உரை அதில் இப்படி இருந்தது:

“தேரிக்குடி உறுப்பினர் திருமதி ஆவுடைநாயகி: மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, வணக்கம். வாய்ப்புக்கு நன்றி.”

“வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவுல ஒண்ணும் சொல்லலியாக்கா?” என்றார் தனிஸ்லாஸ்.

“ஒம்போது நிமிசம் சொன்னேன்ல. தொண்ட வறள வறளச் சொன்னேன்.”

“இது எத்தனாவது தடவ?”

“பதினொண்ணு.”

முதல் உரை நான்கு நிமிடம். சுருக்கமாகப் பேசியதால் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். அடுத்ததில் புள்ளிவிவரம் சேர்த்தார். பிறகு வெப்பநிலை அட்டவணையை வாய்விட்டுப் படித்தார். ஒருமுறை கெஞ்சினார், ஒருமுறை திட்டினார். எல்லாமே வணக்கமும் நன்றியுமாகத்தான் பதிவாகியிருந்தன.

தனிஸ்லாஸ் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார். அவருக்குப் பின்னால் உணவுக்கூடம் முழுக்கக் கட்டில்கள் கிடந்தன. ஆறாம் வளவில் வால்வுகள் போனதால் அதைப் பூட்டி, அங்கிருந்த தொண்ணூற்றைந்து பேரையும் இங்கே குடியமர்த்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. “ஒங்களுக்கு ஓட்டுப் போட்ட கை இதுதான்,” என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார். “பாக்கும்போதெல்லாம் எனக்கே சங்கடமா இருக்கு.”

“அந்தக் கையால ஒரு ஸ்பேனர எடுத்து என் மண்டையில போடு. நானாவது நிம்மதியா இருப்பேன்.”

அன்று ஆவுடைநாயகி மேலவையின் தலைமைக் குறிப்பாளர் ஹபீபுல்லாவுக்கு ஒரு தனிக்கடிதம் பேசி அனுப்பினார். தம் உரைகளை வெட்டியது யார், எதற்காக வெட்டினார்கள், வெட்டியவர் என்றாவது டைட்டன் காற்றில் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார். மூன்று மணி நேரத்தில் பதில் வந்தது. ஹபீபுல்லா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. யாரும் வெட்டல. உரைச்சாரப் பொறின்னு ஒண்ணு இருக்கு, நாங்க செக்குன்னு சொல்லுவோம். இருநூத்திப் பன்னெண்டு பேரும் ஆளுக்கு ஒம்போது நிமிஷம் பேசினா ஒரு விவாதத்துக்கு முப்பத்திரெண்டு மணி நேரம் ஆகும். யாரு கேக்கறது? அதனால வர்ற உரையெல்லாம் முதல்ல செக்குக்குள்ள போகும். அது சாரத்த மட்டும் எடுத்து, உங்க குரல்லயே அவையில படிக்கும். அமைச்சர் கேக்கறதும் மத்த உறுப்பினர்கள் கேக்கறதும் அந்தச் சாரத்தத்தான்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“எது சாரம்னு அதுக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்க. செஞ்சவங்க நேர்மையாத்தான் செஞ்சிருக்காங்க. பழைய மேலவைகளோட நூத்தறுபது வருஷப் பதிவேட்டைக் குடுத்து, ‘பேச்சுல எந்தப் பகுதிக்கு அவையில ஏதாவது நடந்திருக்கோ அதுதான் சாரம்’னு சொல்லியிருக்காங்க. பொறியும் ஒரு வரி விடாம பாத்துச்சு. அமைச்சரைப் புகழ்ந்த இடத்துக்கு அடுத்த வரி ‘மேசை தட்டும் ஒலி’. அதுக்கடுத்து அமைச்சரோட உறுதிமொழி. புள்ளிவிவரம் சொன்ன இடத்துக்கு அடுத்த வரி பெரும்பாலும் ‘உணவு இடைவேளை’. அப்புறம் அது என்னதான் செய்யும், சொல்லுங்க? புகழ்ச்சி எண்ணெய், மத்ததெல்லாம் பிண்ணாக்குன்னு பிரிச்சுக்கிச்சு. உங்க வால்வு பூராவும் பிண்ணாக்குப் பக்கம் போயிடுது மேடம். நான் ஒவ்வொரு தடவையும் எடுத்துப் படிக்கிறேன். எனக்கே இப்ப ஒரு வால்வைக் கழட்டி மாட்டத் தெரியும்.”

செக்கை நிறுத்தி வைக்க முடியாதா என்ற கேள்வியை அவரே எதிர்பார்த்திருந்தார். “அதுக்குச் சட்டத்திருத்தம் வேணும். திருத்தத்த உறுப்பினர் யாராவது அவையில கேக்கணும். கேட்டா அது செக்கு வழியாத்தான் வரும்.”

ஆவுடைநாயகி அந்தக் கடைசி வரியை மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்து போய்ப் பட்டறையில் தனிஸ்லாஸைப் பிடித்தார்.

“கேட்டா பிண்ணாக்கு, புகழ்ந்தா எண்ணெய். அப்ப கேக்கறதயே புகழ்ச்சியாக் கேட்டா என்ன?”

“வெளங்கலக்கா.”

“வெண்கல வளையம் குடுங்கன்னு கேக்கப்படாது. வெண்கல வளையம் தந்த வள்ளலேன்னு கூப்பிடணும்.”

“அவரு இன்னும் தரலியேக்கா.”

“தரலன்னு அவரே எந்திரிச்சுச் சொல்லட்டும், பாப்போம்.”

தனிஸ்லாஸ் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துவிட்டு ஒரு பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாழ்விடத் துறை அமைச்சர் திருமலைக்கொழுந்துவின் படம் ஒன்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்து எதிரே நிறுத்தினார்கள். பார்த்தால் ஏதாவது தோன்றும் என்று நம்பினார்கள். ஒன்றும் தோன்றவில்லை.

“அம்பத்தெட்டுங்கற கணக்கு வரணும்லா. அத எங்க சொருவ?”

“அம்பத்தெட்டு வளையம் ஈந்தாய்னு போடு.”

“ஈந்தாய். சரி. விட்டம் முப்பது சென்டிமீட்டர்?”

“முப்பது சென்டிமீட்டர் அகன்ற நெஞ்சுடையாய்.”

“நெஞ்சு ரொம்பச் சின்னதா இருக்கேக்கா.”

“டேப்பு வச்சா அளக்கப் போறாரு? எழுதுல.”

ஆவுடைநாயகி மறுநாள் பேசினார். உறைகுளிரிலும் நொறுங்காத உறுதியே என்று தொடங்கி, செம்பு எண்பத்தெட்டும் வெள்ளீயம் பன்னிரண்டும் கலந்தாற்போன்ற சீரிய குணமே என்று வளர்த்து, தேரிக்குடியின் மூச்சே, அந்த மூச்சு அடங்காமல் காக்க ஐம்பத்தெட்டு வெண்கல வளையங்களை முதல் கப்பலில் அனுப்பிய வள்ளலே என்று முடித்தார். வாழ்நாளில் யாரையும் வள்ளல் என்று அழைத்திராதவர். வெளியே வந்ததும் நேரே தண்ணீர்க் குழாய்க்குப் போய் வாயைக் கொப்பளித்தார்.

மூன்றாம் நாள் வந்த பதிவேட்டில் ஒரு சொல்கூடக் குறையவில்லை. நூற்று நாற்பத்தேழு மேசைத் தட்டல்கள் பதிவாகியிருந்தன. கடைசித் தட்டல் நெப்டியூனுக்கு அப்பாலிருந்து வந்திருந்தது. அமைச்சரின் பதிலும் கூடவே இருந்தது:

“உறுப்பினர் அவர்கள் என்னைப் பற்றிக் கூறியவை அனைத்தும் என் கடமைகளே. அவருடைய உரையின் உணர்வை அரசு முழுமையாக ஏற்றுக்கொள்கிறது. தேரிக்குடிக்கு உரிய வெண்கலம் முதல் கப்பலிலேயே அனுப்பப்படும்.”

உணவுக்கூடத்தில் பாயசம் வைத்தார்கள். ஆறாம் வளவுக்காரர்கள் கட்டில்களை ஓரம் தள்ளிவிட்டு ஆவுடைநாயகிக்கு மாலை போட்டார்கள். மாலை கிழித்த பழைய விரிப்புத்துணியில் கட்டியது. முதல் கப்பல் வந்து சேரப் பதினான்கு மாதம் ஆகும். பதினான்கு மாதம்தானே என்றார்கள்.

அந்தப் பதினான்கு மாதத்தில் இன்னும் பத்தொன்பது வால்வுகள் சில்லு பெயர்ந்தன. இரண்டாம் வளவைப் பூட்டினார்கள், பிறகு ஒன்பதை, பிறகு பதினொன்றை. ஒன்பதாம் வளவில் இருந்தது பள்ளிக்கூடம். அதைப் பூட்டுவதற்கு முன், ஒருநாள் பகல் பதினோரு மணிக்கு ஏதோ கேட்கப்போன சமையல்காரர், வகுப்பிலிருந்த பதினொரு பிள்ளைகளும் மேசையில் தலை சாய்த்துத் தூங்குவதைப் பார்த்தார். ஆசிரியை தவசிக்கனியும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, எழுதுகோல் கையில் இருக்க, லேசான புன்னகையோடு தூங்கிக்கொண்டிருந்தார். சமையல்காரருக்கு அந்தப் புன்னகைதான் சரியாகப்படவில்லை. எச்சரிக்கை மணி தன் பங்குக்கு முந்தின வாரமே பழுதாகியிருந்தது. எல்லோரையும் இழுத்து வெளியே போட்டுப் பிழைக்க வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு தேரிக்குடியில் பகலில் யாராவது கொட்டாவி விட்டால் பக்கத்திலிருப்பவர் உலுக்கினார்.

கப்பல் வந்தது. அதன் வயிற்றிலிருந்து தேரிக்குடிக்கென்று இறங்கியது ஒரே ஒரு பெட்டி, ஆள் உயரத்தைவிடப் பெரியது. மேலே மஞ்சள் எழுத்தில் ‘மரியாதைச் சரக்கு’ என்று அச்சிட்டிருந்தது. கப்பலில் எந்தச் சரக்குக்கும் எடைக்கட்டுப்பாடு உண்டு. மருந்துக்குக்கூட கிராம் கணக்கு. தலைவர்களின் உருவங்களுக்கு மட்டும் கிடையாது. சட்டத்தில் அவற்றின் பெயர்தான் மரியாதைச் சரக்கு. அவற்றை ஏற்றிய பிறகு மிஞ்சும் இடத்தில்தான் மற்றவை. தேரிக்குடியில் யாருக்கும் அந்தச் சொல்லின் பொருள் தெரியாது. வளையங்களை மரியாதையாகக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

தனிஸ்லாஸ் பலகைகளைப் பெயர்த்தார். உள்ளே அமைச்சர் திருமலைக்கொழுந்து நின்றார்.

ஆளைவிட ஒன்றரை மடங்கு உயரம். அறுநூற்று நாற்பது கிலோ வெண்கலம். இடது கை மடிந்த துண்டைப் பற்றியிருந்தது. வலது உள்ளங்கையில் ஒரு வால்வு. பீடத்தில் ‘உறைகுளிரிலும் நொறுங்காத உறுதியே’ என்று தொடங்கி, ஆவுடைநாயகியின் உரை முழுவதும், செம்பு வெள்ளீய விகிதம் உட்பட, பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது.

தனிஸ்லாஸ் ஏணி வைத்து ஏறி அந்த வால்வைத் திருகிப் பார்த்தார்.

“கெட்டியா வார்த்துட்டான். தொறக்காது.”

ஆவுடைநாயகி பெட்டியின் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு மாதமாக அவர் ஒவ்வொரு வீட்டிலும் போய் “வருது, வருது” என்று சொல்லியிருந்தார். தவசிக்கனியிடமும் சொல்லியிருந்தார். இப்போது தவசிக்கனி எதிரே நின்று, சிலையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சும்மா கேட்டிருந்தா வணக்கம் நன்றியோட போயிருக்கும்,” என்றார் ஆவுடைநாயகி யாரிடமென்றில்லாமல். “புகழ்ந்து கேட்டேன் பாரு, அதான் ஆளே வந்து நிக்கான்.”

தனிஸ்லாஸ் இறங்கவில்லை. சுத்தியலின் காம்பால் அமைச்சரின் முதுகில் தட்டினார். ஒரு நீண்ட ஒலி எழுந்து கூரையில் மோதித் திரும்பியது. அவர் இன்னொரு முறை தட்டினார், இம்முறை காதை முதுகில் வைத்துக்கொண்டு.

“யக்கா, மாதா கோயில் மணி இதே சத்தந்தான் போடும்.”

இவ்வளவு பெரிய சிலைகளை யாரும் கெட்டியாக வார்ப்பதில்லை. கெட்டியாக வார்த்தால் ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே வெடிப்பு விடும். அதனால் நடுவில் மண்கரு வைத்து, சுற்றிலும் விரல் கனத்துக்கு உலோகம் ஊற்றுவார்கள். ஆகவே அமைச்சர் உள்ளே வெற்றாக இருந்தார். ஆனால் அந்த விரல் கனம் முழுக்க அருமையான வெண்கலம், எந்தச் சட்டத்துக்கும் ஒப்புதலுக்கும் காத்திராமல் வந்து இறங்கிய வெண்கலம்.

“தலைவர் உருவத்துக்குச் சேதம் பண்ணா ஏழு வருசம்,” என்றார் தனிஸ்லாஸ். “ஞாபகமிருக்கா?”

ஆவுடைநாயகிக்கு ஞாபகமிருந்தது. அந்தச் சட்டத்தின் மீதான விவாதத்திலும் அவர் வால்வைப் பற்றித்தான் பேசியிருந்தார். “என்னைய இங்கேருந்து ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவ எத்தன மாசம் ஆகும்?”

“பதினாலு.”

“அதுவரைக்கும் எல்லாரும் மூச்சு விடணும்லா. அறு.”

ஒரு சிக்கல் இருந்தது. அமைச்சரின் பிறந்தநாள்தோறும் சிலைக்கு மாலை போட்டுப் படம் எடுத்து அவைக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. ஆவுடைநாயகி ஹபீபுல்லாவுக்குக் கடிதம் பேசினார். சிலை நலமாக வந்தது, மகிழ்ச்சி, படம் எப்படி எடுக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஹபீபுல்லா முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் பதில் சொன்னார்.

“விதி நாற்பத்தொன்று, உட்பிரிவு மூணு. படம் முன்பக்கமா மட்டும் இருந்தாப் போதும். பின்பக்கத்தைப் பத்தி விதியில ஒரு வார்த்தையும் இல்ல மேடம். தேடித் தேடிப் பாத்துட்டேன். இல்ல.”

அமைச்சரின் முதுகு இரண்டு நாளில் இறங்கியது. பிறகு பின்தலை, பின்தொடை, கெண்டைக்கால். நின்றது முன்பக்கம் மட்டும், பின்னால் ஒரு குழாயை முட்டுக் கொடுத்து. தனிஸ்லாஸ் முதுகை உருக்கி வார்த்து, லேத்தில் கடைந்து, பத்து வளையங்கள் செய்தார். முதலில் பள்ளிக்கூடத்துக்கு மாட்டினார்கள். வால்வு மூடியபோது எழுந்த சின்ன உலோகச் சத்தத்தைக் கேட்க ஊரே கூடியிருந்தது.

இன்னும் நாற்பத்தெட்டு வேண்டும்.

அடுத்த கூட்டத்தொடரில் ஆவுடைநாயகி எழுந்து, வாழ்விடத் துறை அமைச்சர் தேரிக்குடியில் தனியே நிற்பது காணப் பொறுக்கவில்லை என்றார். துணைக்கு அவைத்தலைவரின் உருவம் வேண்டும் என்றார். அவைத்தலைவர் இயல்பிலேயே அகன்ற முதுகுடையவர் என்பதையும், அந்த முதுகின் மேல் ஒரு கனமான சால்வை கிடப்பதே அவருடைய பெருமைக்குப் பொருத்தம் என்பதையும் அவையின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். நூற்றெழுபது மேசைத் தட்டல்கள். அதற்கடுத்த தொடரில் போக்குவரத்து அமைச்சர், பிறகு அவை முன்னவர், பிறகு முன்னாள் அவை முன்னவர். ஒரு தலைவர்கூட மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் ஏன் தமக்கு இவ்வளவு தாமதம் என்று வருத்தப்பட்டுக் கடிதம் போட்டார்.

நான்கு வருடத்தில் தேரிக்குடியின் அறுபத்திரண்டு வால்வுகளும் வெண்கலத்தில் உட்கார்ந்தன. பன்னிரண்டு வளவுகளும் திறந்தன. ஊர் முகப்பில் ஏழு தலைவர்களின் முன்பக்கங்கள் வரிசையாக நின்றன. பிறந்தநாள் வந்தால் முன்னால் மாலை போடுவார்கள். பின்னால் பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவார்கள்.

அந்த வருடம் என்செலடஸ் துணைக்கோளிலிருந்து ஆவுடைநாயகிக்கு ஒரு தனிக்கடிதம் வந்தது. பேசியவர் புதிதாகத் தேர்வான உறுப்பினர் மயிலாத்தாள். அறுபத்தைந்து வயது இருக்கும். முகத்தில் பல நாள் தூங்காத கோபம் இருந்தது.

“ஏனுங் அம்மிணி, உங்க பேச்செல்லாம் பதிவேட்டுல ஒண்ணு விடாமப் படிச்சேனுங். அதுல உருப்படியா இருக்கறது ஏழு பேச்சு. ஏழும் சிலை. ஊருக்குன்னு ஒரே ஒரு காரியம் கேட்டிருக்கீங்களா? எங்கூர்ல தண்ணிக் கொழாய் குளுருல வெடிச்சு வெடிச்சுப் போகுது. வெண்கலக் கொழாய் குடுங்கன்னு நானும் மூணு தடவ மணிக்கணக்காப் பேசிப்போட்டேன். வணக்கம், நன்றின்னு பதிவாயிருக்குதுங். உங்களாட்டம் ஆளுக அவையோட நேரத்தையெல்லாம் சிலைக்குப் புடிச்சுக்கறதுனாலதானே எங்க பேச்சு எடுபட மாட்டேங்குது? ஓட்டுப் போட்ட சனத்துக்கு என்னன்னு பதில் சொல்லுவீங்க? வெக்கமா இல்லீங்களா?”

தனிஸ்லாஸும் பக்கத்தில் நின்று கேட்டார். “இந்தம்மா நல்லா கொடுக்காவக்கா,” என்றார். “அஞ்சு வருசத்துக்கு முன்னால நீங்க பேசுன பேச்சு அச்சு அசலா இதுதான்.”

அந்தக் கடிதத்தில் மறுத்துப் பேச ஒரு வரிகூட இல்லை. ஆவுடைநாயகி பதிவுப் பொத்தானை அழுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்.

“அக்கா, நீங்க கேட்டது அத்தனையும் நாயம். கொழாய்க்கு மொத்தம் எத்தன கிலோ வேணும்னு மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க. பேச்ச நான் எழுதித் தாரேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கிடுங்க. நிக்கிற சிலை கேக்காதீங்க. உக்காந்த சிலையாக் கேளுங்க. நாற்காலியோட சேத்தா எடை ரெண்டு மடங்கு வரும். நாற்காலியக் குடுக்கோம்னு சொன்னா வேண்டாம்னு சொல்லுத ஆள நான் இன்னும் அந்த அவையில பாக்கல.”